மலை நேரம்

நாலு தெரு தள்ளி இருப்பவனுக்குப்
பதிவுத் தபால் அனுப்பச் சொன்னார் வக்கீல்.
பையனோடு வேறு மாநிலம் போகிறேன்,
வேலை இன்னது, பள்ளி இன்னது,
ஆட்சேபம் இருந்தால் இத்தனை நாளுக்குள்.
‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்தேன்.
‘திரு. லோவெல்’ என்று எழுதி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் பெயரே இல்லாமல் ஆரம்பித்தது கடிதம்.

வெள்ளிக்கிழமை ஆன்சலைக் கூட்டிப்போக வந்தவன்
வாசல் விளக்கடியிலேயே நின்றான்.
“கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்.”
கொஞ்சம் கழித்து,
“தபால்காரர் விசேஷமான்னு கேட்டார்.”

அந்த வாரம் பையனின் பனி பூட்ஸில்
ஒன்று என் வீட்டில், ஒன்று அவன் வீட்டில்.
ஜோடி சேர்க்க ஒரே நேரத்தில் வண்டி எடுத்து
நடுத்தெருவில் எதிரெதிரே கடந்துபோனோம்,
ஆளுக்கொரு ஒற்றைக்கால் பூட்ஸோடு.

நீதிபதி இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டே கேட்டார்:
எத்தனை மைல்?
ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே.
இந்த வேலை நெப்ராஸ்காவில் கிடைக்காதா?
நான் செயற்கை சுவாசக் கருவி பார்க்கிறவள்.
இங்கே என் பிரிவை மூடிவிட்டார்கள், ஐடஹோவில் கூப்பிடுகிறார்கள்.
சொல்லி முடிப்பதற்குள்
எனக்கே மூச்சு வாங்கியது.

லோவெல் எழுந்து கொக்குகளைப் பற்றிப் பேசினான்.
மார்ச்சில் பிளாட் ஆற்று மணல்திட்டில்
ஆயிரம் ஆயிரமாய் இறங்கும் சாம்பல் கொக்குகள்,
விடியுமுன் பாலத்தின் மேல் அவனும் பையனும்,
இரண்டு பேருக்கும் ஒரே ஃபிளாஸ்க்.
(ஏழு வயசுப் பிள்ளைக்குக் காப்பி கொடுத்திருக்கிறான்.
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.)
அவன் வக்கீல் கோட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.
வழக்குக்கு உதவாத பேச்சு.
ஆனால் உத்தரவில் அது மட்டும்
கேட்டபடியே வந்தது:
மார்ச் மூன்றாம் வாரம், தந்தைக்கு.
அந்த வாரம்தான் வருவோம் என்று
கொக்குகள் எழுதிக் கொடுக்கவில்லை.

நன்றி நாள் ஒற்றைப்படை வருஷத்தில் எனக்கு.
கோடையில் ஆறு வாரம் அவனுக்கு.
ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தொலைபேசி.
எந்த ஊர் ஏழு என்று போடவில்லை.

மீன்தொட்டி எங்களோடு வந்தது.
மீன் ஒரு கண்ணாடி ஜாடியில் லோவெலிடம் நின்றது.
பையனே பிரித்த பங்கு அது.
நான் தலையிடவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை எட்டுக்குக் கிளம்பினோம்.
சோளக்காடு தீர்ந்து மேய்ச்சல் நிலம் தொடங்கும் இடத்தில்
பச்சைப் பலகை: மலை நேரம்.
“அப்படின்னா என்னம்மா?”
இதுவரைக்கும் பதினொண்ணு, இனிமே பத்து.
“அப்ப ஒரு மணி நேரம் கூடுதலா கிடைச்சிருக்கா?”
ஆமாம்.
“அது யாரோடது? உன்னோடதா, அப்பாவோடதா?”

நாற்பத்திரண்டு பக்க உத்தரவு
டாஷ்போர்டு அறையில்தான் இருந்தது.
மாட்டு லாரி ஒன்றை முந்துகிறவள் போல
சாலையையே பார்த்தேன்.

வண்டிக் கடிகாரத்தை மாற்ற எனக்குத் தெரியாது.
வருஷத்துக்கு இரண்டு தடவை லோவெல்தான் மாற்றுவான்,
விவாகரத்துக்கு அப்புறமும்,
பையனை இறக்கிவிட வரும்போது
ஜன்னல் வழியே கைநீட்டி,
கேட்காமலே.
அது பாட்டுக்கு அவன் நேரத்தைக் காட்டிக்கொண்டே
வயோமிங்குக்குள் வந்தது.

ஐந்து என்று நம்பி ஓர் உணவகத்தின் கதவைத் தட்டினேன்.
தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்
நாலு விரலைக் காட்டினாள்.
ஐந்துக்குத்தான் திறப்போம்.

வண்டிக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தோம்.
வெளியே மண்ணை வாரி அடித்தது காற்று.
மிச்சமிருந்த பிஸ்கட்டைப் பிட்டுக்கொண்டோம்.
கீழ்வரிசையில் ஒரு பல்லை
நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினான்.
விழுந்தால் யார் வீட்டில் என்று அவனும் கேட்கவில்லை.
கடிகாரத்தில் ஐந்தே முக்கால்.
பல் ஆடியது,
விழவில்லை.